படைப்புழுவும் களையும்: மக்காச்சோளத்தின் முதல் 40 நாள்

பெரம்பலூர் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று ஏக்கர் கரிசல், மானாவாரி, புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம். போன வருஷம் ஐந்து தடவை மருந்தடித்தும் படைப்புழு அடங்கவில்லை. களை எடுக்க ஆள் கிடைக்காமல் பாதி வயலைச் சாரணையும் கோரையும் மூடிவிட்டன. இந்த வருஷம் உளுந்தை ஊடுபயிராகப் போடச் சொல்கிறார்கள், போடலாமா? புழுவுக்கு எந்த மருந்து நல்ல மருந்து? களைக்கு எதை அடிக்கலாம்? இப்படி மூன்று கேள்வி.

தம்பி, இந்த மூன்றும் ஒரே கேள்விதான். உளுந்து போட்டால் அட்ராசின் என்ற களைக்கொல்லியை அடிக்க முடியாது. அட்ராசின் இல்லையென்றால் களைக்கு வேறு வழி பார்க்க வேண்டும், அந்த வழிக்கு ஆள் வேண்டும். விதையில் என்ன மருந்து பூசியிருக்கிறார்கள் என்று தெரியாமல் புழுவுக்கு முதல் தெளிப்பு எது என்று சொல்ல முடியாது. புழுவைத் தனியாக, களையைத் தனியாக, விதையைத் தனியாக நினைத்து மூன்று கடையில் மூன்று யோசனை கேட்பதால்தான் செலவு கூடுகிறது. அதனால் மருந்துப் பெயரில் ஆரம்பிக்காமல், போன வருஷம் அந்த ஐந்து தெளிப்பும் ஏன் வீணாயின என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

படைப்புழு நம் ஊர்ப் பூச்சி அல்ல. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 2016-இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது, 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள், அதே வருஷம் நம் பக்கத்து மானாவாரி மக்காச்சோளத்தைப் பிடித்தது. அந்தப் பருவத்தில் பெரம்பலூர், அரியலூர், சேலம் பக்கமெல்லாம் வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன பூச்சி என்று பெயர் சொல்வதற்குள்ளேயே குருத்து போய்விட்டது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும். அதனால் உங்கள் வயலைவிட்டு இதை ஒழித்துவிடலாம் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள். பக்கத்து வயலிலிருந்து வரும், பக்கத்து மாவட்டத்திலிருந்தும் வரும். எந்த வயதில் அதைப் பிடிக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அந்த வயதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதை வைத்துத்தான். தாய்ப்பூச்சி இலையில் குவியலாக முட்டை வைக்கும். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும், மேலே சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியதுபோல ரோமம் மூடியிருக்கும். மொத்தமாக ஒரு தாய் ஆயிரத்துக்கும் மேல் இடும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சுப்புழு இலையைக் கடிக்காது, பச்சையத்தை மட்டும் சுரண்டும். இலையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், எண்ணெய்க் காகிதம் மாதிரி வெளிச்சம் தெரியும் சின்னச் சின்ன வெண்திட்டுகள் இருக்கும். அந்த நேரத்தில் புழு வெளியில்தான் இருக்கிறது, நூல் விட்டுக் காற்றில் ஆடிப் பக்கத்துச் செடிக்குப் போகிறது. அதைக் கொல்ல வேப்பெண்ணெய் மருந்தே போதும்.

அதற்கப்புறம் குருத்துக்குள் இறங்கிவிடும். ஆறு பருவம் வளர்கிறது, அதில் கடைசி இரண்டு பருவத்தில்தான் சாப்பாட்டின் பெரும்பகுதி. பெரிய புழு தன் எச்சத்தையே குருத்தின் வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். ஈர மரத்தூள்போல அந்த எச்சம் குருத்தில் கிடப்பதைத்தான் நீங்கள் போன வருஷம் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தவுடன் கடைக்கு ஓடியிருப்பீர்கள். ஆனால் அந்த அடைப்பைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. ஐந்து தடவை அடித்தாலும் இலைக்குத்தான் குளிப்பாட்டினீர்கள். இன்னொன்று, பெரிய புழு சின்னப் புழுவையே தின்றுவிடும், அதனால் ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய புழுதான் மிஞ்சும். அந்த ஒன்று சாகாவிட்டால் அந்தச் செடியில் அடித்த மருந்துக்கு அர்த்தமே இல்லை.

புழு அதுதானா என்று சந்தேகம் வந்தால் குருத்தைப் பிரித்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தலையில் வெளிர் நிறத்தில் தலைகீழாக எழுதிய ஆங்கில ஒய் எழுத்து இருக்கும். வால் பக்கம், கடைசிக்கு முந்தின வளையத்துக்கு அருகில், நான்கு கருப்புப் புள்ளிகள் சதுரமாக இருக்கும். இரண்டும் இருந்தால் படைப்புழு. தண்டுத்துளைப்பான் வேறு மாதிரி: குருத்து விரிந்தபின் இலையில் குறுக்காக ஒரே வரிசையில் ஊசித் துளை போட்டது மாதிரி இருக்கும், பின்னால் தண்டுக்குள் போய்விடும். முளைத்த இரண்டு வாரத்துக்குள் நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் அழுகல் நாற்றத்தோடு கையில் வந்தால் அது குருத்து ஈ. மூன்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும்.

சரி, இப்போது இந்த வருஷத்துக்கு வருவோம்.

கோடை மழை கிடைத்ததும் ஒரு ஆழ உழவு போட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலை இரண்டு பக்கமும் உதவும். படைப்புழு கூட்டுப்புழுவாவது மண்ணுக்குள்தான், இரண்டு முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில். புரட்டிப் போட்டால் வெயிலும் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கோரைக்கிழங்கும் அப்படித்தான் மேலே வந்து காயும். கோரையை மருந்தால் மட்டும் அடக்க நினைப்பவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் அதே கோரைதான். சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்த கிழங்கு திரும்ப முளைக்காது, நிழலில் மண்ணுக்குள் கிடப்பது முளைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. முடிந்தால் போடுங்கள். பணம் குறைவு என்றால் இதைவிட விதைக்கும், வயலைச் சுற்றிப் போடும் வரப்புப் பயிருக்கும் முதலிடம் கொடுங்கள் என்பேன்.

விதைப்பை முடிந்தவரை பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரு பத்து நாளுக்குள் முடியுங்கள். ஊரில் முதலில் விதைத்த வயலில் வளர்ந்த பூச்சியெல்லாம் கடைசியாக விதைத்த வயலுக்குத்தான் வரும். மழையை நம்பி விதைப்பதில் இது முழுக்க நம் கையில் இல்லை, தெரியும். ஆனாலும் இரண்டாவது மழைக்குக் காத்திருந்து தனியாகப் பின்தங்குவதால் வரும் செலவு பெரிது.

விதைப்பையை வாங்கியதும் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். இப்போது வரும் வீரிய ஒட்டு விதைகளில் பல, சையாண்ட்ரனிலிபுரோல், தயாமீத்தாக்சம் இரண்டும் சேர்ந்த மருந்து பூசி வருகின்றன. பூசாத விதையென்றால் அதே மருந்தைக் கிலோவுக்கு 4 மி.லி. கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம், அல்லது பெவேரியா பாசியானா பூஞ்சணத்தைக் கிலோவுக்கு 10 கிராம் கலக்கலாம். பூசிய விதை ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் செடியைக் காக்கும், குருத்து ஈயும் அடங்கும். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சையாண்ட்ரனிலிபுரோலும், கடையில் படைப்புழுவுக்கு முதலில் எடுத்துக் கொடுக்கும் குளோரான்ட்ரனிலிபுரோலும், புளூபென்டியமைடும் ஒரே குடும்பம், புழுவின் உடம்பில் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன. விதையில் அதுவே இருக்கும்போது முதல் தெளிப்பிலும் அதையே அடித்தால், தப்பித்த புழு அந்தக் குடும்பத்துக்கே பழகியதாக இருக்கும். பூசிய விதை போட்டவர் முதல் ரசாயனத் தெளிப்புக்கு வேறு குடும்பத்துக்குப் போக வேண்டும். கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது உளுந்து. ஊடுபயிர் நல்ல விஷயம்தான். உளுந்தோ தட்டைப்பயறோ நடுவில் இருந்தால் பொறிவண்டு, சிலந்தி, முட்டையைத் தின்னும் சின்னக் குளவிகள் எல்லாம் தங்க இடம் கிடைக்கும், தாய்ப்பூச்சிக்கும் வழி தடுமாறும். ஆனால் உங்கள் நிலைமையில் நான் வேண்டாம் என்கிறேன். காரணம் களை. உளுந்து உள்ளே இருந்தால் அட்ராசினும் கூடாது, 15 நாளுக்கு மேல் அடிக்கும் டெம்போட்ரியோன் என்ற களைக்கொல்லியும் கூடாது, இரண்டுமே உளுந்தைக் கொன்றுவிடும். விதைத்த மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் ஏக்கருக்கு ஒரு லிட்டர் அடிப்பதோடு மருந்து வழி முடிந்துபோகும், மீதி கைக்களைதான். ஆள் கிடைக்காததுதான் உங்கள் பிரச்சினையே. களை எடுக்கும் சின்ன இயந்திரமான பவர் வீடரும் உளுந்து வரிசைக்குள் ஓடாது.

அதற்குப் பதில் வயலைச் சுற்றி மூன்று வரிசை தட்டைப்பயறு போடுங்கள், நடுவில் மக்காச்சோளம் மட்டும். எள், சூரியகாந்தி, துவரையும் வரப்புக்குப் பரிந்துரையில் உள்ளவைதான். ஆனால் தட்டைப்பயறில் அசுவினி சீக்கிரம் வரும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும், பொறிவண்டு படைப்புழு முட்டையையும் தின்னும், அதனால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். களைக்கொல்லி அடிக்கும்போது அந்த ஓரத்தை மட்டும் விட்டு அடியுங்கள். உள்ளே பத்து வரிசைக்கு ஒரு இடைவெளி முக்கால் மீட்டர் அகலமாக விட்டு விதைத்தால், பயிர் வளர்ந்தபிறகு நடந்து பார்க்கவும் மருந்தடிக்கவும் வழி இருக்கும். அந்த வழி இல்லாத வயலை 40 நாளுக்குமேல் யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதே இல்லை.

களை. மக்காச்சோளம் முதல் ஒரு மாதம் மிகவும் சோம்பேறியான பயிர். 20 நாள் செடியைப் பாருங்கள், ஐந்தாறு இலை இருக்கும், வளரும் முனை இன்னும் மண்மட்டத்தில்தான் இருக்கும், அதே 20 நாளில் சாரணை ஒரு தட்டு அகலத்துக்குப் படர்ந்திருக்கும். 15-ஆம் நாளிலிருந்து 40-ஆம் நாள்வரை களை இல்லாமல் வைத்தால் போதும், அதற்குமேல் பயிரின் நிழலே பார்த்துக்கொள்ளும். 50-ஆம் நாள் முளைத்த களையைப் பார்த்துக் கவலைப்பட்டு ஆள் விடுவது தண்டச்செலவு. பார்த்தீனியமும் சுடுமல்லியும் மட்டும் விதிவிலக்கு, அவை எப்போது தெரிந்தாலும் பூக்கும் முன் பிடுங்க வேண்டும்.

விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது அட்ராசின் 50 சதவீதத் தூள். ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம்வரை லேபிளில் இருக்கும். நான் 500-ஐத் தாண்டச் சொல்வதில்லை. கரிசலில் இது மாதக்கணக்கில் தங்கும், அடுத்துப் போடும் பயறும் எள்ளும் காய்கறியும் மஞ்சளித்து நிற்கும். 200 லிட்டர் தண்ணீரில், விசிறி நாசில் போட்டு, பின்னோக்கி நடந்தபடி அடியுங்கள், அடித்த இடத்தை மிதிக்கக் கூடாது. காய்ந்த மண்ணில் அடித்தால் பலன் பாதிதான். மானாவாரியில் மூன்றாம் நாள் அடைமழை பிடித்துக்கொண்டால் உள்ளே கால் வைக்க முடியாது, அப்படியானால் பதற வேண்டாம், அடுத்த வாய்ப்பு இருக்கிறது.

அந்த வாய்ப்பு 15 முதல் 20-ஆம் நாள். டெம்போட்ரியோன் ஏக்கருக்கு 115 மி.லி., கூடவே கொடுக்கும் ஒட்டும் திரவத்தைச் சேர்த்து. அட்ராசின் அடிக்காமல் விட்டிருந்தால் அதையும் 400 கிராம் இதோடு கலக்கலாம். களை இரண்டிலிருந்து நான்கு இலைக்குள் இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். நாலைந்து நாளில் களைகள் வெள்ளையாகப் போகும், சுண்ணாம்பு தெளித்த மாதிரி. பச்சையத்தைக் காக்கும் சத்து உருவாவதை மருந்து நிறுத்திவிடுவதால் வெயிலிலேயே இலை வெளுத்துச் செத்துவிடுகிறது. மக்காச்சோளம் அந்த மருந்தைத் தன் உடம்புக்குள்ளேயே சிதைத்துவிடும், எப்போதாவது ஓர் இலை லேசாக வெளுத்தாலும் ஒரு வாரத்தில் சரியாகும். சாரணை, தொய்யக்கீரை, புல் வகைகள் எல்லாம் இதில் போகும். கோரை போகாது, மேலே வெளுத்துவிட்டுக் கிழங்கிலிருந்து திரும்ப வரும். கோரை திட்டுத்திட்டாக இருந்தால் அந்தத் திட்டுகளுக்கு மட்டும் ஹாலோசல்பியூரான் மெத்தில், ஏக்கருக்கு 36 கிராம் கணக்கில். வயல் முழுக்க அடிக்க வேண்டியதில்லை.

2,4-டி என்ற களைக்கொல்லி மட்டும் வேண்டாம். விலை மலிவு, அகல இலைக் களைக்குக் கேட்கும், எல்லாம் உண்மை. ஆனால் உங்கள் பக்கம் மக்காச்சோளத்துக்குப் பக்கத்து வயலில் பருத்தி இருக்கும். வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வயலில் பார்த்தேன், அடித்தவர் வயலில் ஒன்றும் இல்லை, பக்கத்துப் பருத்தி இலையெல்லாம் நீளநீளமாகக் கிழிந்து வெண்டை இலைபோல ஆகிவிட்டது. காற்றில் போன சாரல்தான். அண்ணன் தம்பி மாதிரி இருந்த இரண்டு குடும்பம் அதோடு பேச்சை நிறுத்தியது. களைக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் பருத்திக்கு எடுத்துப்போனாலும் இதே கதைதான். களைக்கென்று ஒரு டேங்கைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் மக்காச்சோளம் முழுக்க மருந்தடித்துக் களை மட்டும் சாவதைக் காட்டுகிறார்கள். அது களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்று விதை. இந்தியாவில் மக்காச்சோளத்தில் அதற்கு அனுமதி இல்லை. நம் பயிர் மேல் கிளைபோசேட் களைக்கொல்லி பட்டால் பயிரும் சேர்ந்துதான் சாகும்.

25 முதல் 30-ஆம் நாளுக்குள் பவர் வீடரோ மாட்டுக் கலப்பையோ ஒருமுறை ஓட்டி, மேலுரம் போட்டு, மண் அணைத்துவிடுங்கள். மருந்துக்குத் தப்பிய களைக்கும், சாயாமல் நிற்பதற்கும், உரம் வேரில் போய்ச் சேர்வதற்கும் இந்த ஒரு வேலை. சுடுமல்லி இருக்கிறதா என்று அப்போது பாருங்கள். மக்காச்சோள வேரிலேயே ஒட்டி உறிஞ்சும் களை அது, மேலே தெரியும் முன்பே பயிர் வாடியிருக்கும். விதை தூசுபோல இருக்கும், மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அந்த வயலில் அடுத்த வருஷம் பருத்தியோ தட்டைப்பயறோ போட்டால் சுடுமல்லி விதை அவற்றின் வேரை நம்பி முளைத்து, ஒட்ட முடியாமல் செத்துப்போகும்.

இனி புழுவுக்கு வருகிறேன். விதைத்த அன்றே ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி கட்டுங்கள், பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே, பயிர் வளர வளர உயர்த்திக்கொண்டே போக வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் மருந்து ரப்பரை மாற்ற வேண்டும். இதில் விழுவது ஆண்பூச்சி மட்டும்தான். பொறி புழுவைக் குறைக்காது, பூச்சி வந்துவிட்டது என்று தகவல் சொல்லும். பொறிக்கு மூன்று பூச்சி விழ ஆரம்பித்தால் அடுத்த நாலைந்து நாள் முட்டைக்காக நடக்க வேண்டும். பூச்சி முட்டையை அழிக்கும் சின்னக் குளவியான டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியின் அட்டை கிடைத்தால் கட்ட வேண்டிய நேரமும் அதுதான், ஏக்கருக்கு 50,000 முட்டை ஒட்டுண்ணி என்ற கணக்கில் வாரம் ஒருமுறை இரண்டு மூன்று தடவை. அட்டை கட்டிய வாரம் ரசாயனம் அடித்தால் அட்டைக் காசு போச்சு. பறவை உட்கார டி வடிவக் குச்சி ஏக்கருக்குப் பத்து நட்டால் இரட்டைவால் குருவி வந்து உட்காரும், பயிர் இடுப்புக்கு வரும்வரை பலன் உண்டு.

10-ஆம் நாளிலிருந்து வாரம் இருமுறை வயலில் நடங்கள். கரையில் நின்று பார்ப்பது கணக்கில் இல்லை. ஓரத்தில் ஐந்து வரிசையை விட்டுவிட்டு உள்ளே போய், கோணல்மாணலாக நடந்து, ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் அடுத்தடுத்து இருபது செடி பாருங்கள். மொத்தம் நூறு செடி, சதவீதம் கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. கீழ் இலை ஓட்டையை எண்ணாதீர்கள், அது போன வாரத்துக் கதை. குருத்தையும் கடைசியாக விரிந்த இரண்டு மூன்று இலைகளையும் மட்டும் பாருங்கள். புதிய வெண்திட்டு இருக்கிறதா, எச்சம் ஈரமாக மஞ்சள் கலந்த பழுப்பில் இருக்கிறதா, காய்ந்து வெளிறியிருக்கிறதா? காய்ந்த எச்சம் என்றால் புழு கூட்டுப்புழுவாக மண்ணுக்குப் போயிருக்கலாம், அதற்கு மருந்தடித்து என்ன ஆகப்போகிறது? நடக்கும்போது முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் விரலாலேயே நசுக்கிவிடுங்கள், அந்த ஒரு நசுக்கில் நூறு புழு போகிறது.

ஒரு மாதப் பயிர்வரை நூறு செடியில் ஐந்துக்குமேல் புதுச் சேதம் இருந்தால் அடிக்கலாம். அதற்கப்புறம் குருத்துப் பருவம் முடியும்வரை பத்துக்குமேல் போனால்தான். மக்காச்சோளம் இலைச்சேதத்தை நாம் நினைப்பதைவிட நன்றாகத் தாங்கும். 25 நாளில் கந்தலாகத் தெரியும் வயல் 45 நாளில் பச்சையாக நிமிர்ந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கந்தல் இலையைப் பார்த்துப் பயந்து அடிக்கும் தெளிப்புதான் நம் ஊரில் அதிகம்.

15 முதல் 20-ஆம் நாளில் சுரண்டல் திட்டு மட்டும் தெரிந்தால் அசாடிராக்டின் 1500 பி.பி.எம். லிட்டருக்கு 5 மி.லி. அல்லது வீட்டிலேயே வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்: 5 கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைத்து 100 லிட்டராக்கிக்கொள்ளலாம். அன்றைக்கே அடித்துவிட வேண்டும். சேதம் ஐந்தைத் தாண்டிக் குருத்துக்குள் சின்னப் புழு இருந்தால், பூசாத விதை போட்டவர் குளோரான்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்.சி. லிட்டருக்கு 0.4 மி.லி. அடிக்கலாம். பூசிய விதை போட்டவர் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம். அடுத்த தெளிப்பு தேவைப்பட்டால், அநேகமாக 35 முதல் 45-ஆம் நாள், ஸ்பைனிடோரம் 11.7 எஸ்.சி. லிட்டருக்கு 0.5 மி.லி. இவை மூன்றும் மூன்று குடும்பம். மொத்தத்தில் இரண்டு ரசாயனத் தெளிப்புக்குள் முடிக்க முடியும். மூன்றாவதாக ஒன்று தேவை என்று தோன்றினால் முதல் இரண்டையும் எப்படி அடித்தோம் என்று யோசிக்க வேண்டும்.

எப்படி அடிப்பது என்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகு அடியுங்கள், புழு வெளியே வருவது அந்த நேரத்தில்தான். கூம்பு நாசிலை நேராகக் குருத்துக்கு மேலே பிடித்து, ஒரு செடிக்கு ஒரு நொடி நின்று, குருத்துக்குள் மருந்து தேங்க வேண்டும். சின்னப் பயிருக்குப் பத்து லிட்டர் டேங்கில் பத்துப் பதினைந்து டேங்க் போதும், வளர்ந்த குருத்துப் பயிருக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் வேண்டும். ஐந்து டேங்கில் ஒரு ஏக்கரை ஓடி முடிப்பவரிடம் எந்த மருந்தைக் கொடுத்தாலும் கேட்காது. புழுமருந்தைக் களைமருந்தோடு கலக்கவும் கூடாது. ஒன்று தரைக்குப் போக வேண்டியது, இன்னொன்று குருத்துக்குள் போக வேண்டியது, ஒரே நாசிலில் இரண்டும் நடக்காது. கடையில் மூன்று பாட்டிலைச் சேர்த்து அடிக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே பெரிய புழு உள்ளே அடைத்துக்கொண்டிருந்தால், சேதம் திட்டுத்திட்டாக இருக்கும் இடங்களில், ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்துக்குள் ஒரு சிட்டிகை போடுவது பழைய கை வைத்தியம் மாதிரித் தெரியும், ஆனால் பரிந்துரையிலேயே இருக்கிறது. வீட்டு ஆட்கள் இரண்டு பேர் காலையில் முடித்துவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடர் மழையும் மேகமூட்டமும் இருக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சில புழுக்கள் இலைமேல் ஏறி, விறைத்து, வெள்ளையாகச் சுண்ணாம்புக் குச்சி போலச் செத்து ஒட்டியிருக்கும், இரண்டு நாளில் அதன்மேல் பச்சைப் பொடி படியும். அது மெட்டாரைசியம் ரைலி என்ற பூஞ்சணம், இயற்கையாகவே வருவது, முன்பு நொமுரியா என்று சொல்வோம். அந்தப் பொடி காற்றில் பறந்து மற்ற புழுக்களைப் பிடிக்கும். நூறு செடிக் கணக்கில் அப்படிச் செத்த புழு பரவலாகத் தெரிந்தால் டேங்கை எடுக்காமல் ஒரு வாரம் பொறுங்கள். அப்படி ஒரு காலநிலை இருந்தால் கடையில் கிடைக்கும் மெட்டாரைசியம் அனிசோபிலியேவையும் ஏக்கருக்கு ஒரு கிலோ சாயங்காலம் அடிக்கலாம், வெயில் காலத்தில் அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஆண்பூ வந்தபிறகு ரசாயனம் அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. பயிர் தலைக்குமேல் இருக்கும், கையைத் தூக்கி அடிக்கும் மருந்து முழுக்க அடிப்பவர் முகத்திலும் மார்பிலும்தான் விழும், உள்ளே காற்றும் இருக்காது. தேனீ மகரந்தத்துக்கு வரும் காலமும் அது. கருதுக்குள் போன புழுவை மருந்து தொடவும் தொடாது. அதற்கு முன்பு அடிக்கும்போதும் முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்குத் துணி, காற்றுக்கு எதிராக நடக்காமல் இருப்பது, நடுவில் பீடி, டீ இல்லாமல் இருப்பது, இதெல்லாம் உங்கள் வீட்டுக்காக. மருந்தடித்த வயலில் மாட்டுக்குத் தழை அறுக்க, லேபிளில் உள்ள காத்திருப்பு நாள் முடியட்டும்.

அடிச்சாம்பல் நோய் உங்கள் பக்கம் இருந்தால், இலையில் வெளிர் கோடுகளும் காலையில் அடியில் வெண்பூஞ்சணமும் தெரியும் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். காட்டுப்பன்றி பற்றி நீங்கள் கேட்கவில்லை, அது பெரிய துயரம், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

அறுவடை முடிந்ததும் தட்டையை நிற்கவிடாமல் மாட்டுக்கு அறுத்தோ பொடித்து உழுதோ முடித்துவிடுங்கள். உதிர்ந்து முளைக்கும் தான்தோன்றிச் செடிகளில்தான் இந்தப் பூச்சி அடுத்த பட்டம்வரை காத்திருக்கிறது. அந்த வயலில் மறுபடி மக்காச்சோளமோ சோளமோ வேண்டாம். அட்ராசின் அடித்த வயலானால் பயறு போடும் முன், ஒரு மண்சட்டியில் அந்த மண்ணை அள்ளிப் பத்து உளுந்து விதை ஊன்றி இரண்டு வாரம் பாருங்கள். பச்சையாக வந்தால் விதையுங்கள்.

விதை வாங்கியதும் பைச்சீட்டில் என்ன மருந்து பெயர் இருக்கிறது என்பதையும், 18-ஆம் நாள் நூறு செடியில் எத்தனையில் புதுச் சேதம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டு விவரமும் இருந்தால் முதல் தெளிப்பு தேவையா, தேவையென்றால் எது என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.